எடித்தின் வாளி மூடி

சலூன்காரர் என் கன்னத்தில் கத்தியை வைத்துக்கொண்டு சொன்ன செய்தி இது. வாவிக்கரை முகாமில் பன்னிரண்டாம் கொட்டிலில் இருக்கும் பறங்கிப் பெண்ணொருத்தி விடியற்புறம் எழுந்து பொதுக் கிணற்றில் ஏதோ தூள் கொட்டுகிறாளாம். மற்றப் பதினொரு கொட்டிலிலும் ஆட்களுக்குக் கண் மஞ்சளாகிவிட்டதாம். அவளுடைய கொட்டிலை மட்டும் செங்கமாரி எட்டிப் பார்க்கவில்லையாம். கத்தி இருந்த இடத்தை உத்தேசித்து நான் மறுத்துப் பேசவில்லை.

அன்று மத்தியானம் புளியந்தீவில் ஒரு கந்தோர் வரிசையில் நின்றபோது அந்தத் தூள் எலும்புத் தூளாகியிருந்தது. பின்னேர பஸ்ஸில் அது கப்பலில் வந்த தூளாகி, அந்தப் பெண்ணுக்கும் வயது இருபது குறைந்து, அழகும் கொஞ்சம் கூடியிருந்தது.

இரண்டாயிரத்தேழாம் ஆண்டு. வாவிக்கு மேற்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அந்த வருடம் நாங்கள் கேள்விப்பட்டவற்றில் கெட்டதெல்லாம் ஒவ்வொன்றாக உண்மையாகிக்கொண்டிருந்தது. இதையும் ஒரு தரம் பார்த்துவிடலாமென்று சைக்கிளை எடுத்தேன்.

முகாம் வாசலில் ஒரு பலகை. ‘ஆறு மாதங்களுக்கான தற்காலிக வீடுகள்.’ கடல் வந்து போன கையோடு நட்ட பலகை. இரண்டு வருடத்தில் எழுத்துகள் பாதி உதிர்ந்துவிட்டன. ஆறு மாதம் மட்டும் முடியவில்லை. தகரமும் பலகையுமாக ஒரே வரிசையில் பன்னிரண்டு கொட்டில்கள். ஒரு கரையில் கிணறு, மறு கரையில் கக்கூசுகள். முதலாம் கொட்டிலின் முன்னால் மூடியில்லாத ஒரு நீலப் பீப்பா. கிணற்றடியில் கயிற்றுக்குச் சண்டை வருகிறது என்பதால், காலையில் ஒரு ஆள் தண்ணீர் அள்ளிப் பீப்பாவை நிரப்பிவிட வேண்டும், எல்லாரும் அதிலேதான் எடுக்க வேண்டும் என்று முகாம் குழு தீர்மானித்திருந்தது. குழுத் தலைவர் வினாயகமூர்த்தி. பீப்பா அவருடைய வாசலில் இருந்தது தற்செயல் என்று அவரே சொன்னார்.

“வாங்க தம்பி, வெயிலுக்க வந்திரிக்கீங்க, தண்ணி குடிங்க” என்று செம்பை எடுத்தார். பீப்பாவில் தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருந்தது. குனிந்து அமிழ்த்தினார். செம்போடு சேர்ந்து அவருடைய கையும் முழங்கை வரை போய் நனைந்து வந்தது.

“யோசியாமக் குடிங்க. இஞ்ச ஒருத்தரும் செம்புல வாய் வைக்கிறல்ல. எல்லாரும் அண்ணாந்துதான். எச்சில் எண்ட கதைக்கே இடமில்ல.”

நானும் அண்ணாந்தேன். பாதி வாய்க்குள், பாதி சட்டைக்குள்.

“பன்னிரண்டாம் கொட்டில்?” என்றேன்.

“அவ வாய் வச்சிக் குடிக்கிறவ தம்பி. கோப்பைய உதட்டில வச்சி உறிஞ்சுவா. அவங்கட ஆக்கள் அப்பிடித்தான், அதில பிழை சொல்ல ஏலா. ஆனா பீப்பாக்குள்ள அந்தக் கோப்பை வரலாமா? வந்த புதிசிலயே சொல்லிட்டம், நீங்க வேறயா அள்ளிக் குடிங்க எண்டு. மரியாதையாத்தான் சொன்ன.”

“தூள்?”

“நான் கண்ணால கண்ட. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம, பேணியில கொண்டு போய்க் கொட்டுறா. கேட்டா மருந்து எண்டு சொல்றா. மருந்து எண்டா எங்களுக்கு ஏன் மஞ்சளிக்கிது, அவவுக்கு ஏன் மஞ்சளிக்கல்ல? சொல்லுங்க பாப்பம்.”

கேள்வி நல்ல கேள்விதான். அதைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் ஒரு பைலை எடுத்து வந்தார். நிரந்தர வீடுகளுக்கான பெயர்ப் பட்டியல். தொண்டு நிறுவனம் பன்னிரண்டு வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தது. பட்டியலில் பன்னிரண்டாவது பெயரின் மேல் சிவப்புக் கோடு.

“வீடு பதினொண்டுதான் தம்பி இப்ப. ஒண்டு அத்திவாரத்தோட நிண்டுட்டு.”

“ஏன் நின்றது?”

“அது நிறுவனத்துக்காரர்ர கதை. நமக்கென்னத்துக்கு?”

அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு தூளின் மேல் எனக்கு இருந்த ஆர்வம் குறைந்துபோயிற்று. குடும்பம் பன்னிரண்டு, வீடு பதினொன்று. யாரோ ஒருவர் கிணற்றில் எதையாவது கொட்டித்தான் ஆகவேண்டும். முதலில் சந்தேகம் கரடியனாற்றிலிருந்து ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்து தங்கியிருந்த சனத்தின் மேல் விழுந்ததாம். ஆனால் அந்தச் சனம் வினாயகமூர்த்தியின் மனைவி சின்னத்தங்கத்தின் தங்கை குடும்பம். ஏழு பேர், முதலாம் கொட்டிலிலேயே. ஆகவே சந்தேகம் எழுந்து நடந்து பன்னிரண்டாம் கொட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கொட்டிலின் கதவு மற்றக் கதவுகளைப் போல் தகரமில்லை. முதிரைப் பலகை, பித்தளைத் தாழ்ப்பாள். தட்டப் போனவனை உள்ளிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

“தாழ்ப்பாளில கை வைக்காதீங்க, இப்பதான் துடைச்ச. வாங்க, முதல்ல கையக் கழுவுங்க.”

வெளியே ஒரு தடியில் ஐந்து லீற்றர் கேன் தொங்கியது. கீழே இருந்த கட்டையை மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் விழும். கையால் எதையும் தொடத் தேவையில்லை. பக்கத்தில் ஒரு வலைத்துண்டுக்குள் சவர்க்காரம், செப்புக் கம்பியால் கட்டி. கம்பி ஏன் என்று கேட்டேன். மூன்று சவர்க்காரம் காணாமல் போனதாம். “எடுத்தவங்க அதால கை கழுவினா எனக்குச் சந்தோசம்தான். ஆனா அவங்க வித்துப்போட்டாங்க” என்றார்.

நான் இரண்டு விரலை நனைத்துக்கொண்டு திரும்பினேன்.

“இதென்ன தம்பி, பூனை முகம் கழுவின மாதிரி? கர்த்தர் கற்பித்த செபம் ஒருதரம் சொல்லி முடியும் வரைக்கும் தேய்க்கணும். விரலுக்கு இடையில, நகத்துக்குக் கீழ. உங்களுக்குச் செபம் தெரியாட்டி நான் சொல்றன், நீங்க தேயுங்க.”

அவர் சொல்லி முடித்து “ஆமென்” என்றதும் கழுவிக்கொண்டேன். என் உள்ளங்கைக்கு ஒரு நிறம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எடித்துக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. வெள்ளைக்காரர் வழிவந்த கடற்கரைப் பக்கத்துப் பறங்கித் தச்சுக் குடும்பத்தில் பிறந்து, தச்சு வேலைக்காரர் வேர்னனையே கலியாணம் முடித்தவர். ஆஸ்பத்திரியில் தொற்று நோய் வாட்டில் இருபத்திரண்டு வருடம் துப்புரவு வேலை. அங்கே ஒரு கண்டிப்பான தாதி, கைகழுவும் நேரத்தை மணிக்கூட்டால் அளக்காமல் செபத்தால் அளக்கப் பழக்கியிருந்தார். மணிக்கூடு நின்றுபோகும், செபம் நிற்காது என்பது அந்தத் தாதியின் கணக்கு. இருபத்திரண்டு வருடத்தில் வாட்டில் இருந்து ஒரு வருத்தத்தையும், ஒரு காய்ச்சலைக்கூட, எடித் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அதற்காக யாரும் அவரைப் பாராட்டியதுமில்லை. வராத வருத்தத்துக்கு யார் சாட்சி?

இரண்டாயிரத்து நான்கில் நத்தார்ப் பண்டிகைக்கு லீவு எடுத்தார். அதற்குப் பதிலாக மறுநாள் காலை வேலை. ஞாயிற்றுக்கிழமை. அவர் வாட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கடல் வேர்னனையும் மகள் தானியாவையும் வீட்டையும் கழுவிக்கொண்டு போயிற்று. தானியாவை மறுநாள் கண்டெடுத்தார்கள். வேர்னன் கிடைக்கவேயில்லை. மூன்று வாரம் கழித்து, வேர்னன் செய்த வாசற்கதவு மட்டும் வாவியில் ஒரு கண்டல் புதருக்குள் சிக்கியிருந்தது, தாழ்ப்பாளோடு. அந்தக் கதவைத்தான் கொட்டிலுக்குப் போட்டிருக்கிறார். தினமும் காலையும் மாலையும் குளோரின் நீரில் துணியை நனைத்து அந்தத் தாழ்ப்பாளைத் துடைக்கிறார். வெறுங்கை படுகிற இடத்தில்தான் வருத்தம் குந்தியிருக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். கதவுக்குப் பூசை செய்கிறாள் என்பது வரிசையில் சொல்லும் காரணம். இரண்டில் எது சரி என்று எழுத எனக்குத் துணிவில்லை.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, அடுப்பு. மேசையில் கீழ்ப்பக்கம் பைப் வைத்த பச்சை வாளி, இறுக்கமான பச்சை மூடியோடு. கொதித்து ஆறின தண்ணீரை அதற்குள் ஊற்றிவிட்டால் அதன்பிறகு ஒரு கையும் அந்தத் தண்ணீரைக் காணாது. பைப்பைத் திறந்து ஒரு கோப்பை தந்தார். நான் பழக்க தோசத்தில் அண்ணாந்தேன்.

“வாய் வச்சிக் குடிங்க. அது உங்கட கோப்பை. மறுகா நான் சுடுதண்ணியில போடுவன்.”

“தூள் போடுவது மெய்யா அன்ரி?”

“மெய்தான். ஹமீட் பரிசோதகர்தான் தந்தவர். கிணத்துக்குக் குளோரின் போட ஒராள் வேணும் எண்டு கூட்டத்தில கேட்டார். ஒருத்தரும் கை உசத்தல்ல. நான் உசத்தின.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “உசத்தியிருக்கக் கூடாது” என்றார்.

“பீப்பாவைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லையா?”

“சொன்ன. செம்புக்குக் காம்பு கட்டுங்க, இல்லாட்டிச் சிரட்டையில ஒரு நீட்டு அகப்பை செஞ்சி தாறன், கைய உள்ளுக்கு விடாதீங்க எண்டு. எங்கட கை உனக்கு ஊத்தையா எண்டு கேட்டாங்க. கேட்டது வினாயகமூர்த்தியர்தான். நான் ஒண்டும் பேசல்ல. எனக்கு அந்த வீடு வேணும் தம்பி. இந்தக் கதவுக்கு ஒரு சுவர் வேணும். தகரத்தில எத்தின காலம் தொங்கும்?”

ஹமீட்டை அடுத்த நாள் பிடித்தேன். ஏறாவூர்க்காரர்; எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சிரிக்காமல் பகிடி விடுகிற மனிதர்.

“கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி. அந்த மனிசி போடுற தூள்தான் கிணத்தக் காப்பாத்துது. வருத்தம் இருக்கிறது பீப்பாக்குள்ள. கிருமி வயித்தால வந்து, கையில ஏறி, தண்ணியில இறங்கி, அடுத்தவன்ட வாய்க்குப் போகுது. காலத்தால அள்ளி ஊத்தினா, இருக்கிற குளோரினையும் வெயில் மத்தியானத்துக்குள்ள குடிச்சிரும். மறுகா அதுக்குள்ள எழுபது கை. இதில ஒரு பொல்லாப்பு, கண் மஞ்சளிக்க முந்தியே ஆள் வருத்தத்தக் குடுத்திருவார். மஞ்சளக் கண்டு ஒதுங்கிறதில பிரயோசனமில்ல.”

“அவர்கள்தான் வாய் வைப்பதில்லையே.”

“வாய் வச்சிக் குடிச்சிட்டுக் கைய வெளியில வச்சிருந்தாக் கூடப் பறவாயில்ல. இவங்க வாய வெளியில வச்சிட்டுக் கைய உள்ளுக்கு விடுறாங்க. எனக்கும் ஒருநாள் அந்தச் செம்புல தண்ணி தந்தாங்க.”

“குடித்தீர்களா?”

“நோன்பு எண்டு சொன்ன. நோன்பு மாசம் இல்ல எண்டு அவங்களுக்கும் தெரியும். மரியாதைக்கு ஒருத்தரும் கேக்கல்ல. நீங்க?”

அடுத்த ஐந்து வாரமும் காலையில் எழுந்ததும் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்துக்கொண்டேன்.

ஆக, எடித்தைக் காப்பாற்றியது சவர்க்காரமும் மூடியும் மட்டுமல்ல. அவரைப் பீப்பாவிலிருந்து ஒதுக்கி வைத்தவர்களும் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு இதற்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம்.

பத்து நாள் கழித்துப் போனபோது, முதலாம் கொட்டிலின் பின்பக்கத்திலிருந்து எடித் வந்துகொண்டிருந்தார். கையில் வேலிக்கம்பு, அதன் நுனியில் நனைந்த துணி. என்னைக் கண்டதும் நடையை மாற்றி வாவிப் பக்கமாகப் போய்விட்டார். உள்ளே சின்னத்தங்கம் பாயில் கிடந்தார். கண் இரண்டும் மஞ்சள். தலைமாட்டில் கீழ்க்காய்நெல்லிச் சாறு ஒரு பேணியில். கால்மாட்டில் பச்சை வாளி, பைப், மூடி.

“அவர் கூட்டத்துக்குப் போயிற்றார் தம்பி. வாய் திறந்திராதீங்க” என்றார் சின்னத்தங்கம். “நாலு நாளா எடித்தக்கா பின்னால வந்து போறா. எண்ட துணி எல்லாத்தையும் வேறயா அவிச்சித் தோச்சது அவதான். கக்கூஸ் கொண்டியத் துடைக்கிறா. வாளியையும் தந்திட்டா. பைப்பத் திற புள்ள, கைய விடாத எண்டா. சமைக்கிறத தங்கச்சிட்ட விடு எண்டா. தங்கச்சிட ஆக்கள் எல்லாரையும் நிக்க வச்சிக் கை கழுவப் பழக்கினா, செபம் சொல்லி.”

“உங்கள் அவர் வாளியைக் கண்டு கேட்கவில்லையா?”

“ஆஸ்பத்திரியில தந்த எண்டு சொன்ன. பாத்தியா, அரசாங்கம் எவ்வளவு செய்யிது எண்டு சொல்லிச் சந்தோசப்பட்டார்.”

அந்தக் கொட்டிலில் ஒன்பது பேர். சின்னத்தங்கத்துக்குப் பிறகு இன்னும் ஒரேயொரு ஆளுக்குத்தான் கண் மஞ்சளித்தது. அடுத்த கொட்டிலில் ஆறு பேர், பீப்பாவை விடவில்லை, ஐந்து பேர் படுத்தார்கள். எண்ணத் தெரிந்த எவருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் முகாமில் எண்ணத் தெரிந்த எல்லாரும் வீட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பட்டியலை முடிவு செய்கிற கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஹமீட் வந்திருந்தார். கிணற்றைப் பற்றியும் பீப்பாவைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னார். தூள் தன்னுடையது, போடச் சொன்னது தான் என்றும் சொன்னார். கூட்டம் மரியாதையாகக் கேட்டது. எடித் கடைசியில், ஒரு கதிரையின் நுனியில் இருந்தார். அன்றைக்கு அவருடைய பெயர் திரும்ப ஏறாவிட்டால் இனி ஏறாது. அது அவருக்கும் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

“நம்ம பரிசோதகர் படிச்சவர்” என்றார் வினாயகமூர்த்தி. “ஆனா கண்ணால கண்டத நாங்க எப்பிடி இல்ல எண்டுற? கை கழுவி, மூடி வச்சி இந்த வருத்தம் நிண்டது எண்டு இஞ்ச ஆராவது சொல்லட்டும் பாப்பம்.”

ஹமீட் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய பார்வை, வருத்தம் தெளிந்து மெலிந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணில் போய் நின்றது.

“சின்னத்தங்கம், உங்கட வீட்ட நான் கண்ட அந்தப் பச்சை வாளி எங்கால வந்த?”

சின்னத்தங்கம் எடித்தைப் பார்க்கவில்லை. புருசனைப் பார்த்தார். மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரியில தந்த” என்றார்.

பிறகு, கோடு நிற்கட்டும் என்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். பதினொரு கொட்டில் சார்பிலும் கைகள் உயர்ந்தன. ஹமீட் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்ணிக்கையைப் பார்த்தாரா நகங்களைப் பார்த்தாரா தெரியாது. சிவப்புக் கோடு நிலைத்தது. எடித் எழுந்து, தான் இருந்த கதிரையை மடித்துச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். போகிற வழியில் கேன் கட்டையை மிதித்துக் கை கழுவினார். அன்றைக்குச் செபம் வழக்கத்தை விட நீண்டது.

சின்னத்தங்கத்திடம் பின்னால் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. “பன்னிரண்டு குடும்பம், பதினொரு வீடு தம்பி. அவவுக்கு ஒண்டு எண்டா எங்களில ஆருக்கு இல்ல? வருத்தம் எங்கட வாசல் பீப்பாவாலதான் வந்தது எண்டு ஒத்துக்கிட்டா கோடு எங்க விழும்? நான் பொய் சொன்னதுதான். அவவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. எனக்கு அது தெரியாதா?”

கூட்டத்துக்கு அடுத்த நாள் விடியற்புறம் பன்னிரண்டாம் கொட்டிலின் வாசலில் பச்சை வாளி வந்திருந்தது. சவர்க்காரம் போட்டு உரஞ்சி, காயவைத்து, எடித் சொல்லிக் கொடுத்தபடியே அப்பழுக்கில்லாமல். மூடி மட்டும் வரவில்லை.

இரண்டாயிரத்தொன்பது வைகாசியில் யுத்தம் முடிந்தது. நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். சிலர் கொளுத்தினார்கள், மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சத்தத்தைக் கேட்டார்கள். அடுத்த மாதம் பதினொரு வீட்டுக்கும் பூட்டும் திறப்பும் கொடுத்தார்கள். கொட்டில்களைக் கழற்றித் தகரத்தை ஏற்றிப் போனார்கள். பன்னிரண்டாவது மட்டும் வெட்டையில் தனியே நிற்கிறது, முதிரைக் கதவோடு. நிரந்தர வீடு கட்டி முடியும்வரை அங்கே இருக்கலாம் என்று கடிதம் இருக்கிறது. எந்த வீடு என்று கடிதத்தில் இல்லை.

அந்த நேரம் பன்றிக்காய்ச்சல் வந்துவிட்டது என்று மீண்டும் கை கழுவச் சொல்லத் தொடங்கினார்கள். புதிய குடியிருப்பில் ஒரு விளக்கக் கூட்டம். போனேன். பேசியவர் சின்னத்தங்கம், இப்போது அவர் சுகாதாரத் தொண்டர், நெஞ்சில் அட்டை. கக்கூஸ் வாசலில் வலைத்துண்டுக்குள் சவர்க்காரம். கட்டையை மிதித்தால் சாயும் கேன். தும்மினால் முழங்கையை மடித்து மறைக்க வேண்டும், கதவுக் கைபிடிகளைத் துடைக்க வேண்டும், தண்ணீருக்குள் கை விடக்கூடாது. ஒன்றும் பிழையில்லை. எல்லாம் சரியாகச் சொன்னார். பின் எழுந்து கையைக் கழுவிக் காட்டினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தார். செபத்தின் சொற்கள் அவருக்கு வராது. நீளம் மட்டும் மனப்பாடம். முடித்து “ஆமென்” என்றார். நெற்றியில் திருநீறு பூசிய இருபது பெண்கள் கையைத் தேய்த்து முடித்து, “ஆமென்” என்றார்கள். ஒருவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. வருத்தம் வராவிட்டால் சரி.

கூட்டம் முடிந்து சின்னத்தங்கத்தின் வீட்டுக்குப் போனேன். குசினியில் தண்ணீர்ப் பானை. அதன்மேல் பச்சை மூடி. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“குடுக்கத்தான் வேணும் தம்பி” என்றார்.

“இன்றைக்கு அந்தப் பக்கம்தான் போகிறேன். தாருங்கள், கொடுத்துவிடுகிறேன்.”

மூடியை எடுத்தார். கழுவினார். முந்தானையால் துடைக்கப் போய், நிறுத்தி, அப்படியே காயவிட்டார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

“உங்கட கையில தந்து விட்டா, நான் வரல்ல எண்டுதானே அவ நினைப்பா? நானே போகணும்.”

“எப்போது?”

“வாறன் எண்டு சொல்லுங்க.” மூடியைத் திரும்பப் பானையின் மேல் வைத்தார்.

வெட்டையைக் கடந்து பன்னிரண்டாம் கொட்டிலுக்குப் போனேன். கையைக் கழுவிவிட்டு உள்ளே நுழைந்தேன். எடித் வாளியை ஓர் எனாமல் தட்டால் மூடி, மேலே ஒரு கல் வைத்திருந்தார். தட்டு வாளியின் வாய்க்குச் சரியாகப் பொருந்தாது. பைப்பைத் திறந்தால் வாளி அசைந்து தட்டு ஒரு பக்கம் சரியும். அவர் கல்லை எடுத்து, தட்டை நேராக்கி, கல்லை வைத்து, மறுபடி கையைக் கழுவ வெளியே போவார்.

“சின்னத்தங்கம் என்னவாம்?” என்று வெளியே நின்று கேட்டார்.

“வருகிறாராம், அன்ரி.”

“ரெண்டு வருசமா வாறா” என்றார். தண்ணீர் நின்றது. “வந்தா ஒரு கோப்பை தண்ணி குடுக்கலாம். கோப்பை அவிச்சித்தான் வச்சிரிக்கி.”